பத்தாம் வகுப்புக்கு நூலகப் பாடவேளை எதற்கு?

தமிழ்நாட்டின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கால அட்டவணையில் நூலகத்துக்கென்று வாரம் ஒரு பாடவேளை பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அது ஓரளவு நடக்கும். ஒன்பதாம் வகுப்பில் நடந்தால் உண்டு. பத்தாம் வகுப்பில், காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ போர்ஷன் முடிக்க வேண்டும் என்று கேட்டு அந்த நேரத்தை வாங்கிக்கொள்வார். தலைமையாசிரியர் தடுப்பதில்லை, பெற்றோர் கேட்பதில்லை, மாணவர்களும் பெரிதாக வருந்துவதில்லை. அது கதைப் புத்தகம் படிக்கும் நேரம், பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் கதைப் புத்தகம் எதற்கு என்பதே எல்லோர் மனத்திலும் ஓடும் கணக்கு. அந்தக் கணக்கு பிழையானது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. வாசிப்பின் இன்பத்தைப் பற்றி மேடைகளில் சொல்லப்படும் காரணங்களை விட்டுவிடுவோம். இங்கே பேசப்போவது மதிப்பெண்ணோடு தொடர்புடையவை.

முதலில், பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் வழக்கமாக எப்படிப் படிக்கிறார் என்று பார்க்க வேண்டும். பாடத்தின் இறுதியில் உள்ள வினாக்களுக்கு ஆசிரியர் விடைகளைக் குறித்துத் தருகிறார், அல்லது கடையில் வாங்கிய கைடில் விடைகள் அச்சாகவே இருக்கின்றன. மாணவர் அந்த விடையை வாய்விட்டு ஐந்தாறு முறை படிக்கிறார், முக்கியமான வரிகளின் மேல் மஞ்சள் பேனாவால் கோடு போடுகிறார், அடுத்த விடைக்குப் போகிறார். மூன்றாவது முறை படிக்கும்போதே வரிகள் பழகிவிடுகின்றன. பழகிய வரியைப் பார்த்ததும் ‘இது எனக்குத் தெரியும்’ என்ற நிறைவு வருகிறது. தேர்வு அறையிலோ அந்த வரி கண்ணெதிரே இருப்பதில்லை. வினாத்தாளும் வெற்றுத் தாளும்தான் இருக்கின்றன. பார்த்ததை அடையாளம் காண்பதும், பாராமல் நினைவிலிருந்து எடுப்பதும் இரு வேறு வேலைகள். மாணவர் முதல் வேலையை ஆண்டு முழுவதும் செய்துவிட்டு, இரண்டாவது வேலைக்கான தேர்வை எழுதுகிறார்.

இந்த வேறுபாட்டை அளந்து காட்டிய ஆய்வுகளில் நன்கு அறியப்பட்டது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் நடத்தி 2006இல் வெளியிட்டது. சூரியனைப் பற்றி ஒன்று, கடல்நீர்நாய்களைப் பற்றி ஒன்று என இரண்டு சிறு உரைநடைப் பகுதிகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு பகுதியை ஏழு நிமிடம் படித்தபின் இன்னொரு ஏழு நிமிடம் அதையே திரும்பப் படிக்க வேண்டும். மற்றதைப் படித்தபின் தாளை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை ஏழு நிமிடம் எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்த முறையே சற்று மேலே நின்றது: 81 விழுக்காட்டுக்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: திரும்பப் படித்ததில் 42 விழுக்காடு நினைவில் இருந்தது, மூடிவிட்டு எழுதியதில் 56. அதே ஆய்வின் மற்றொரு பகுதியில் இதைவிடக் கவலை தரும் ஒன்று தெரிந்தது. பலமுறை திரும்பப் படித்தவர்களே தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள். ஒரு வாரம் கழித்து மிகக் குறைவாக நினைவில் வைத்திருந்தவர்களும் அவர்களே. நம் வீடுகளில் ‘நல்லாப் படிச்சிட்டேன்மா’ என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை தேர்வில் திணறித் திரும்பும்போது, அது பொய் சொன்னதாக எண்ணிவிடுகிறோம். அதற்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இடைவெளியின் பங்கு இதற்கும் முந்தைய கண்டுபிடிப்பு. ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக நடந்துவிடுகிறது, பிறகு மெதுவாகிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பல நாட்களுக்குப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பில் நிலைக்கிறது என்பதும் அவரிடமிருந்து தொடங்குகின்றன. 2013இல் ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் மாணவர்கள் பின்பற்றும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் உள்ள ஆய்வுச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். மிகுந்த பயன் தருபவை என்று அவர்கள் குறித்தவை இரண்டே: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. திரும்பத் திரும்பப் படிப்பதும் வரிகளின் மேல் வண்ணம் பூசுவதும் குறைந்த பயன் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தன. நம் மாணவர்கள் அதிக நேரம் செலவிடுவது இந்தக் கடைசி இரண்டில்தான்.

இதில் கைடின் பங்கு என்ன என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். கைடைக் கேலி செய்வது எளிது. வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத, முதல் தலைமுறையாகப் பள்ளி இறுதி வரை வந்திருக்கும் பிள்ளைக்கு, ஒரு வினாவுக்கு எவ்வளவு எழுதினால் போதும், எப்படித் தொடங்கி எப்படி முடிக்க வேண்டும் என்று காட்டுவது பல நேரங்களில் அந்தப் புத்தகம் மட்டுமே. 35 மதிப்பெண்ணைத் தொட்டுவிட வேண்டும் என்று போராடுகிற மாணவரிடம் அதைப் பிடுங்கிக்கொள்வதில் பொருளில்லை. கைடு செய்யும் தீங்கு வேறு இடத்தில் இருக்கிறது. வினாவையும் விடையையும் ஒட்டியே கொடுத்துவிடுவதால், விடை எங்கே இருக்கும் என்று தேடும் வேலை மாணவருக்கு வருவதே இல்லை. பாடநூலின் ஐந்து பக்கங்களில் எது இந்த வினாவுக்கு உரியது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் பாடத்தின் அமைப்பு மனத்தில் ஏறுகிறது. அந்தப் பிரித்தறியும் வேலையைப் பழக்க, பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் ஒரே இடம் நூலகம்.

நூலகத்தைப் பற்றி இப்படி நினைப்பது புதிதல்ல. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்பதற்கு முன் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் வகுப்புகளில் சொல்லித்தரப்படுகின்றன. புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி; ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிரி என்பன மற்றவை. நான்காவது விதியைப் பள்ளியில் யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நேரமில்லை என்று சொல்லித்தான் பத்தாம் வகுப்பில் நூலகத்தை மூடுகிறோம். நேரத்தை மிச்சப்படுத்தவே அது இருக்க வேண்டும் என்கிறார் கணித ஆசிரியராக இருந்த ஒருவர்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் தாவரங்களில் நீர் கடத்தப்படுவது பற்றிய பாடம் உண்டு. வேர்த்தூவிகள் நீரை உறிஞ்சுகின்றன, சைலம் வழியாக நீர் மேலே செல்கிறது, வேர் அழுத்தமும் நீராவிப்போக்கின் இழுவிசையும் அதற்குத் துணைசெய்கின்றன என்று மாணவர் மனப்பாடம் செய்துவிடுவார். அறுபது எழுபது அடி உயரத் தென்னையின் உச்சிக்கு நீர் ஏறுவது இவற்றில் எதனால் என்று கேட்டால் திகைப்பார், ஏனென்றால் கைடு அந்த வினாவைக் கேட்கவில்லை. இந்த ஒரு வினாவோடு அவர் நூலகத்துக்குள் நுழைந்தால் என்ன நடக்கும்?

நூலகம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால், அவர் தேட வேண்டிய தட்டு எது என்பதை எண்களே சொல்லிவிடும். மெல்வில் டூவி 1876இல் வெளியிட்ட பதின்ம வகைப்பாட்டில் அறிவியல் முழுவதும் 500களில் அடங்குகிறது. 510 கணிதம், 530 இயற்பியல், 540 வேதியியல், 580 தாவரங்கள், 590 விலங்குகள். தமிழ் இலக்கியம் 894.811, தமிழ்நாட்டு வரலாறு 954.82. பள்ளி நூலகங்கள் பலவற்றில் இந்த எண்கள் இருப்பதில்லை. தமிழ், ஆங்கிலம், அறிவியல், பொது என்று பாடவாரியாகப் பிரித்து, இருப்புப் பதிவேட்டின் வரிசை எண்ணை முதுகில் ஒட்டியிருப்பார்கள். அதனால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் மாணவர் நாளை கல்லூரிக்கோ பொது நூலகத்துக்கோ போகும்போது இந்த எண்களைத்தான் எதிர்கொள்வார் என்பதால், அறிவியல் தட்டில் மட்டுமாவது எண்களை எழுதி ஒட்டுவது இரண்டு நாள் வேலைக்குத் தகுந்த பயன் தரும். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே அதைச் செய்து முடிப்பார்கள்.

புத்தகம் கைக்கு வந்தபின் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் மாணவர் ஒரு பாடவேளைக்குள் தம் வினாவை எட்டமாட்டார். பொருளடக்கத்தைப் பார்த்து அதிகாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் பொருளகராதி இருந்தால் அதில் ‘நீராவிப்போக்கு’ என்ற சொல்லைத் தேடிப் பக்க எண்ணைப் பிடிக்க வேண்டும். (தமிழில் வெளிவரும் அறிவியல் நூல்களில் பொருளகராதி சேர்க்கும் வழக்கம் மிகவும் குறைவு. பதிப்பாளருக்கு அது நான்கு பக்கச் செலவு. படிப்பவருக்கு அது இல்லாததால் போவது அரை மணி நேரம்.) தமிழ் அகராதி வரிசையில் தேடுவதற்கும் பயிற்சி வேண்டும். மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வரும் என்பதால் ‘பக்கம்’ என்ற சொல் ‘பகல்’ என்பதற்கு முன் நிற்கும். யகரத்துக்குப் பின் ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வரிசை போவதால் மலை, மழை, மறை, மனை என்ற நான்கும் அந்த முறையிலேயே அமையும். இந்த இரண்டு விதிகளும் தெரியாத மாணவர்கள் அகராதியைப் புரட்டிவிட்டு ‘சொல் இல்லை’ என்று மூடிவைப்பதை எந்தப் பள்ளியிலும் காணலாம். பத்து நிமிடத்தில் சொல்லித்தரக்கூடிய இதை எந்தப் பாடவேளையில் சொல்லித்தருவது என்பது யாருக்கும் தீர்மானமாகாததால் அது விட்டுப்போகிறது.

தென்னை மரத்தின் வினாவுக்கு விடை கிடைக்கக்கூடிய முதல் இடம் எது என்று கேட்டால், பலரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்வேன்: பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் பாடநூல். மேல்நிலைப் பள்ளி நூலகத்தில் மேல்வகுப்புப் பாடநூல்களின் சில படிகள் கிடந்தே தீரும். தரமான தமிழில், அதே கலைச்சொற்களோடு, ஒரு படி ஆழமாக எழுதப்பட்ட நூல் அதைவிட எளிதாக வேறெங்கும் கிடைக்காது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சைலக் குழாய்க்குள் அறுபடாத ஒரு நீர்த்தொடராக நிற்கின்றன, இலையில் நீர் ஆவியாகும்போது அந்தத் தொடர் முழுவதும் மேலே இழுக்கப்படுகிறது என்ற விளக்கம் அங்கே இருக்கும். டிக்சனும் ஜாலியும் 1894இல் முன்வைத்தது அது. வேர் அழுத்தம் உயர்ந்த மரத்துக்குப் போதாது, இலைத்துளைகள் மூடியிருக்கும் இரவில்தான் அதன் வேலை தெரியும், விடியலில் சில செடிகளின் இலை விளிம்பில் நிற்கும் துளிகள் பனி அல்ல, செடி வெளியேற்றிய நீர் என்பதையும் அவர் படிப்பார். இவ்வளவும் தெரிந்த மாணவருக்கு ‘கூற்று, காரணம்’ வகை வினா ஒரு பொருட்டே அல்ல. இதே வழியில் கீழ்நோக்கியும் போகலாம்: பத்தாம் வகுப்பு மின்னோட்டப் பாடம் புரியாத மாணவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் புத்தகங்கள். நண்பர்கள் முன்னிலையில் அவற்றை எடுப்பதற்குக் கூச்சப்படுவார்கள் என்பதால், எல்லா வகுப்புப் பாடநூல்களையும் ஒரே தட்டில் பாடவாரியாக அடுக்கிவைப்பது நல்லது.

அடுத்ததாகக் கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியமும், அதைத் தொடர்ந்து பத்துத் தொகுதிகளில் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பழைய பள்ளிகள் சிலவற்றில் இன்னும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அவற்றைப் பயன்படுத்தும்போது பதிப்பாண்டைப் பார்க்கும் பழக்கம் கூடவே வர வேண்டும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் அது இருக்கும். 2006க்கு முன் அச்சான வானியல் நூல் கோள்கள் ஒன்பது என்றே சொல்லும், ஏனென்றால் புளூட்டோவை அந்த வரிசையிலிருந்து நீக்கியது அந்த ஆண்டுதான். 1969க்கு முந்தைய நூல் சென்னை மாநிலம் என்று எழுதும். 113, 115, 117, 118 ஆகிய தனிமங்களுக்குப் பெயர் உறுதியானது 2016இல் என்பதால், அதற்கு முந்தைய தனிம அட்டவணைகளில் அவற்றின் இன்றைய பெயர்கள் இருக்காது. பழைய நூல் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தாவரத்தின் வேர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1960ஆம் ஆண்டு நூலும் பெருமளவு போதும்; எது மாறக்கூடியது, எது எளிதில் மாறாதது என்று பிரித்துப் பார்க்க மாணவர் கற்றுக்கொள்வதே இங்கே கிடைக்கும் பாடம்.

ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு நூல்களைப் படிப்பது சமூக அறிவியலில் பெரும் பயன் தருவது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்களின் எழுச்சியை எடுத்துக்கொள்வோம். தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிகளுக்கும் காதணிகளுக்கும் விதித்த தடை, தாடியை மழிக்கச் சொன்ன ஆணை ஆகியவற்றைக் காரணமாக ஒரு நூல் முன்னிறுத்தும். திப்பு சுல்தானின் மகன்கள் அதே கோட்டைக்குள் காவலில் வைக்கப்பட்டிருந்ததையும், எழுச்சியின்போது மைசூர்க் கொடி ஏற்றப்பட்டதையும் இன்னொரு நூல் முன்னிறுத்தும். ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் வந்த கில்லஸ்பி அன்றே அதை அடக்கினார் என்பதும், பின்னர் ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள் என்பதும் இரண்டிலும் இருக்கும். இரண்டையும் படித்த மாணவர், காரணங்களை வரிசை எண் போட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தக் காரணம் உடனடியானது, எது பின்னணியில் இருந்தது என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்திருப்பதால் அவை ஒன்றையொன்று நினைவுபடுத்தும். தனித்தனியாக நிற்கும் ஐந்து வரிகளைவிட, ஒன்றோடொன்று தொடர்புபடுத்திப் புரிந்துகொண்ட ஐந்து செய்திகள் மறதிக்கு அதிகம் ஈடுகொடுக்கும்.

நூலகத்தில் குறிப்பெடுப்பது என்றால் நம் மாணவர்களுக்குப் பத்தி பத்தியாகப் பார்த்து எழுதுவது என்று பொருள். கை வலிக்கும், மனத்தில் எதுவும் நிற்காது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950களில் உருவாக்கிய பக்க அமைப்பு இதற்கு எளிய மாற்று. நோட்டுப் பக்கத்தின் இடப்புறம் இரண்டரை அங்குல அகலம் விட்டு ஒரு கோடு கிழித்து, வலப்புறத்தில் குறிப்புகளையும், இடப்புறத்தில் அந்தக் குறிப்புகள் எந்த வினாவுக்கு விடையோ அந்த வினாவையும் எழுத வேண்டும். அடியில் இரண்டு மூன்று வரிகளில் சுருக்கம். இதன் பயன் அழகில் இல்லை. பிறகு வலப்புறத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, இடப்புற வினாவை மட்டும் பார்த்து விடை சொல்லலாம். ரோடிகரின் ஆய்வில் தாளை மூடிவிட்டு எழுதியதும் இதுவும் ஒன்றே. இதில் நான் கூடுதலாக வற்புறுத்துவது ஒன்றுண்டு: புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே குறிப்பு எழுதக் கூடாது. இரண்டு பக்கம் படித்து, மூடிவைத்து, எழுதி, பிறகு திறந்து சரிபார்க்க வேண்டும். முதல் வாரம் எரிச்சல்தான் வரும். நான்கு வரிகூடத் தேறாது. அந்தத் திணறலை ஜூலையிலேயே சந்தித்துவிடுவது மாணவருக்கு நல்லது.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகும் தவணைக் காலத்தையும் படிப்புக்குப் பயன்படுத்தலாம். இரண்டு வாரத் தவணை என்று வைத்துக்கொண்டால், எடுத்த அன்று ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை, திருப்பிக் கொடுப்பதற்கு முந்தைய நாள் ஒருமுறை என்று நான்கு தடவை அந்தக் குறிப்பை மறைத்துச் சோதித்துக்கொள்ள முடியும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. எபிங்ஹாஸ் கண்ட இடைவெளி, பதிவேட்டில் எழுதும் திருப்பிக் கொடுக்கும் தேதியால் தானே அமைந்துவிடுகிறது.

கணிதத்துக்கு நூலகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பழைய வினாத்தாள்களைத் தைத்து வைத்த கட்டு ஒன்று இருந்தால் போதும். ஒரு பயிற்சி முழுவதும் கூம்பின் கணக்கு, அடுத்தது முழுவதும் வேறொன்று என்று செய்யும் மாணவருக்கு, எந்தச் சூத்திரம் என்ற கேள்வியே எழுவதில்லை. பயிற்சியின் தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கன உருவங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு குழுவினர் வகைவாரியாகவும் மறு குழுவினர் கலந்தும் செய்தார்கள். பயிற்சியின்போது கலந்து செய்தவர்கள் பின்தங்கினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்கள் பெற்றது 63 விழுக்காடு, வகைவாரியாகச் செய்தவர்கள் பெற்றது 20. பத்தாம் வகுப்பின் அளவியல் பாடத்தில் உருளையும் கூம்பும் கோளமும் இடைக்கண்டமும் வருவதை நினைத்தால், வினாத்தாள் கட்டின் மதிப்பு விளங்கும். அதில் எல்லாம் கலந்தே இருக்கின்றன.

கூடிப் படிப்பதற்கு நம்மிடமே பழைய அளவுகோல் ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் மாணவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது, கேட்டதைத் திரும்ப நினைப்பது, உடன் பயில்வோரோடு பழகுவது, வினவுவது, வினவியவற்றுக்கு விடை சொல்வது ஆகியவற்றைக் கடமையாக வைக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் கிடைக்கும், உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போது எஞ்சிய அரைப்பங்கு என்பது அவர் கணக்கு. இன்றைய ஆய்வுகள் வேறு எண்களைத் தரக்கூடும், ஆனால் திசை அதுவே. இதற்காகவாவது, பேச்சே கூடாது என்ற பலகை பள்ளி நூலகத்துக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். ஒரு மூலையில் நான்கு பேர் தாழ்ந்த குரலில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்ல இடம் இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் குறுக்கே நிற்பது பெரும்பாலும் பீரோவின் பூட்டு. பல அரசுப் பள்ளிகளில் தனி நூலகர் இல்லை. பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாக அதைப் பார்க்கிறார். ஒரு புத்தகம் காணாமற்போனால் இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டியவர் அவர், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவரும் அவர். வழங்காமல் இருந்தால் எந்தக் கேள்வியும் இல்லை, வழங்கினால் கேள்வி வரலாம் என்ற நிலையில் பூட்டிவைப்பவரைக் குறை சொல்வது கடினம். பணம் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது: 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் வகுக்கப்பட்டது. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. அவை பிள்ளைகளின் கைகளில் உண்மையாகவே புழங்குகின்றன. அவற்றில் பெரும்பகுதி கதைகள் என்பது குறையல்ல, சரளமாக வாசிக்கத் தெரியாதவருக்கு எந்தப் படிப்பு முறையும் உதவாது. ஆனால் கதையோடு நின்றுவிட்டால், தொடக்கத்தில் சொன்ன அந்தக் கணக்குக்கு, அதாவது நூலகம் வேறு படிப்பு வேறு என்பதற்கு, நாமே வலுச்சேர்த்தவர்கள் ஆவோம். தணிக்கைச் சிக்கலுக்கு ஒரு வழி உண்டு: மேற்கோள் நூல்களை வெளியே வழங்காமல் மேசையில் வைத்துப் படிக்க மட்டும் அனுமதிப்பது, பழைய பாடநூல்களையும் வினாத்தாள் கட்டுகளையும் கடுமையான கணக்கில்லாமல் புழங்கவிடுவது.

பள்ளியில் எதுவுமே இல்லாத ஊர்களில் கிளை நூலகம் கைகொடுக்கும். 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழிவந்த அமைப்பு அது. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியில் நடப்பது. நம் வீட்டு வரி ரசீதிலேயே அதற்கான தொகை இருக்கிறது என்பதைப் பெற்றோர்கள் கவனிப்பதில்லை.

எப்போது என்ன செய்வது என்பதற்கும் ஒரு வரிசை தேவைப்படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அகராதி, பொருளடக்கம், குறிப்பெடுத்தல் ஆகியவற்றில் பழகலாம். அரையாண்டுத் தேர்வு வரை பாடத்துக்கு ஒன்றாக ஒரு வினாவை எடுத்துக்கொண்டு இரண்டு நூல்களில் தேடலாம். திருப்புதல் தேர்வுகள் தொடங்கிய பின் புதிய நூல் எதையும் தொட வேண்டாம். அந்த மாதங்களில் நூலக அறைக்கு வேறொரு பயன் இருக்கிறது, அதுவே பல பிள்ளைகளுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியதாகவும் அமையும். ஒற்றை அறை வீட்டில், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, தம்பி தங்கைகளுக்கு நடுவே அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு ஒரு மேசையும் மின்விசிறியும் வெளிச்சமும் மாலை ஆறு மணி வரை கிடைத்தால், மறைத்துச் சோதிக்கும் குறிப்பும் வினாத்தாள் கட்டும் அங்கே வேலை செய்யும். அதற்கு வேண்டியது சாவியை வைத்திருக்கும் ஒருவர் ஆறு மணி வரை இருப்பது. சிறப்பு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் முறை வைத்துக்கொண்டால் எவருக்கும் வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் வராது.